ஆள் உங்களுக்கு, நிலம் எங்களுக்கு



1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்யாவின் ஸ்மொலென்ஸ்க் மாகாணத்தில் ஜூக்கோவோ என்று ஒரு கிராமம். அதன் சொந்தக்காரர் இவான் யாகுஷ்கின். போரோதினோ களத்தில் நெப்போலியனை எதிர்த்து நின்ற இளம் படையதிகாரி. மனிதனை மனிதன் சொத்தாக வைத்திருப்பது வெட்கக்கேடு என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தம்முடைய பண்ணையடிமைகளைக் கூப்பிட்டார். உங்களை விடுதலை செய்யப் போகிறேன், வீடு, தோட்டம், ஆடுமாடு, மேய்ச்சல் நிலம் எல்லாம் உங்களுக்கே, ஒரு காசும் தர வேண்டாம் என்றார். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: நாங்கள் உழுகிற நிலம் யாருக்கு? நிலம் என்னுடையது, வேண்டுமானால் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார் அவர். அப்படியானால் எல்லாம் பழையபடியே இருக்கட்டும் ஐயா, ஆள் உங்களுக்கு, நிலம் எங்களுக்கு என்று சொல்லிவிட்டார்கள். அவர் எவ்வளவோ விளக்கிப் பார்த்தார். அவர்கள் அசைந்து கொடுக்கவில்லை.

யாகுஷ்கின் பிற்பாடு, ஜாரை எதிர்த்த 1825 டிசம்பர் கிளர்ச்சியாளர்களோடு சேர்ந்து சைபீரியாவுக்குப் போனவர். தமக்கு நேர்ந்த இந்த மூக்குடைப்பைத் தம் நினைவுக் குறிப்புகளில் மறைக்காமல் எழுதி வைத்தார். குடியானவனுக்கு விடுதலையின் அருமை தெரியவில்லை என்பதற்கு இதை உதாரணம் காட்டுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. நிலமில்லாத விடுதலை என்றால் என்ன என்று அந்த ஊர்க்காரர்கள் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டார்கள். பாரிஸ் வரை போய் வந்த பிரபுவுக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. ரஷ்யப் பிரபுவுக்கும் குடியானவனுக்கும் முந்நூறு ஆண்டு நடந்த வழக்கு, நிலம் யாருடையது என்ற வழக்குத்தான். சவுக்கும் ஏலமும் அந்த வழக்கின் நடுவே நடந்த கொடுமைகள்.

குடியானவன் எப்போதும் அடிமையாக இருந்தவன் அல்லன். 1497-ல் மூன்றாம் இவானின் சட்டத்தொகுப்பு அவனுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. நவம்பர் 26, யூரி புனிதர் திருநாள். அறுப்பு முடிந்து தானியம் களஞ்சியத்துக்குப் போயிருக்கும் நேரம். அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும், குடியிருந்த வீட்டுக்கான கட்டணத்தைக் கட்டிவிட்டு அவன் வேறு பிரபுவிடம் போகலாம். மாஸ்கோ மன்னர்களுக்கோ எல்லா எல்லையிலும் போர், குதிரைப்படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை, நிலத்தைக் கொடுத்தார்கள். உழ ஆளில்லாத நிலத்தை வைத்துக்கொண்டு படைவீரன் என்ன செய்வான்? ஆகவே வாசல் மெல்ல மெல்ல அடைபட்டது. 1580-களில் சில ஆண்டுகளுக்கு ‘தடை ஆண்டு’ என்று பெயர் வைத்து யூரி நாளை நிறுத்தினார்கள். 1597-ல், ஓடிப்போனவனை ஐந்து ஆண்டுக்குள் கண்டுபிடித்தால் இழுத்துவரலாம் என்றார்கள். 1649-ல் ஜார் அலெக்சேய் காலத்துச் சட்டத்தொகுப்பு கெடு என்பதையே எடுத்துவிட்டது. எப்போது பிடித்தாலும் அவனும் அவன் பிள்ளைகுட்டிகளும் பழைய பிரபுவுக்கே. ஏமாந்து நிற்கும் நேரத்தில், ‘பாட்டி, இதோ பார் உன் யூரி நாள்!’ என்று ரஷ்யர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

இதில் ஒரு பேரம் அடங்கியிருந்தது. பிரபு ஜாருக்குச் சேவகம் செய்கிறான். அதற்காகக் குடியானவன் பிரபுவுக்கு உழைக்கிறான். கசப்பான பேரம்தான், ஆனால் குடியானவனுக்குப் புரிந்த பேரம். 1762 பிப்ரவரி 18 அன்று மூன்றாம் பீட்டர் ஓர் அறிக்கையில் பிரபுக்களைக் கட்டாயச் சேவகத்திலிருந்து விடுவித்தார். விருப்பமிருந்தால் படைக்கு வரலாம், இல்லையேல் பண்ணைவீட்டில் சாய்ந்து கிடக்கலாம். நியாயப்படி அடுத்த நாளே குடியானவனையும் விடுவித்திருக்க வேண்டும் அல்லவா? விடுவித்தார்கள், பிப்ரவரி 19 அன்றுதான், ஆனால் 99 ஆண்டு கழித்து என்று வரலாற்றாசிரியர் கிளியுச்செவ்ஸ்கி குத்தலாகச் சொன்னார்.

அடுத்தது தம் முறைதான் என்று கிராமங்கள் காத்திருந்தன. அதே 1762-ல் மூன்றாம் பீட்டர் அரியணை இழந்து உயிரையும் இழந்தார். அவருடைய மனைவி கேத்தரின் பேரரசியானார். நம்மை விடுவிக்க இருந்த ஜாரைப் பிரபுக்கள் தீர்த்துக்கட்டிவிட்டார்கள் என்று கிராமம் முடிவு கட்டியது. 1773-ல் புகச்சோவ் என்ற கசாக்கு, நான்தான் செத்துப்போகாத பீட்டர் என்று கிளம்பியபோது வோல்கா நதிக்கரை முழுக்க நம்பியது, நம்ப விரும்பியது. 1774 ஜூலையில் அவன் வெளியிட்ட அறிக்கையில் விடுதலை மட்டும் இல்லை. நிலம், காடு, புல்வெளி, மீன்பிடி நீர்நிலை எல்லாம் விலையும் வாடகையும் இல்லாமல் உங்களுக்கு என்றது. ஜூக்கோவோ கிராமம் கேட்ட கேள்வியை எழுதப்படிக்கத் தெரியாத புகச்சோவ் முன்கூட்டியே அறிந்திருந்தான். 1775 ஜனவரியில் மாஸ்கோவில் அவன் தலை விழுந்தது.

இந்தப் பண்ணையடிமை முறை அன்றாடம் எப்படி நடந்தது? இரண்டு வகை. ஒன்று பார்ஷினா, பிரபுவின் வயலில் கூலியில்லாத வெட்டிவேலை. இன்னொன்று ஒப்ரோக், ஆண்டுக்கு இவ்வளவு என்று ரொக்கமாகக் கட்டுவது. கருமண் பூமியில் விளைச்சல் அதிகம். அங்கே பிரபுவுக்கு உழைப்புதான் வேண்டும். வடக்கே மண் ஏழை. அங்கே குடியானவன் சீட்டு வாங்கிக்கொண்டு நகரத்துக்குப் போய், தச்சு வேலை செய்தோ வண்டி ஓட்டியோ பணம் அனுப்புவான். வாரத்தில் மூன்று நாள் பிரபுவுக்கு, மூன்று நாள் தனக்கு, ஞாயிறு ஓய்வு என்று 1797-ல் பால் மன்னர் ஓர் அறிக்கை விட்டார். அறுப்புக் காலத்தில் மழை மேகம் கூடினால் எந்த மூன்று நாளைப் பிரபு எடுத்துக்கொள்வார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேலையைக் கணக்கிட்ட அளவு தனி ஆள் அல்ல. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்த ஒரு ஜோடி. ஆகவே கல்யாணம் பண்ணை விவகாரமாகிவிட்டது. ஒரு பையனுக்கு வயது வந்தும் கல்யாணம் ஆகவில்லை என்றால் பிரபுவுக்கு ஓர் ஏர் நஷ்டம். பக்கத்துப் பண்ணைக்குப் பெண் கொடுத்தால் பிறக்கப்போகும் பிள்ளைகளும் சேர்ந்து நஷ்டம். அதற்குப் பணம் கட்ட வேண்டும். வரியையும் ‘ஆன்மா’ கணக்கில் போட்டார்கள். முதலாம் பீட்டர் கொண்டுவந்த தலைவரி ஆண்களை எண்ணிப் போட்டது. ஓர் எண்ணிக்கைக்கும் அடுத்த எண்ணிக்கைக்கும் நடுவில் செத்தவன், பதிவேட்டில் உயிரோடிருந்து வரி கட்டிக்கொண்டிருந்தான். கோகல் ‘இறந்த ஆன்மாக்கள்’ நாவலுக்கு இதிலிருந்துதான் கதையை எடுத்தார்.

பெரிய பண்ணைகளில் பிரபு இருப்பதே இல்லை. பீட்டர்ஸ்பர்க்கிலோ பாரிஸிலோ இருப்பார். ஊரை நடத்தியவர்கள் காரியஸ்தரும், ‘மீர்’ என்கிற கிராமச் சபையும், அதன் பெரியதனக்காரர்களும். நிலத்தைக் குடும்பங்களுக்குப் பங்கிட்டது மீர். ஒருவன் வரி கட்டாவிட்டால் ஊரே கட்ட வேண்டும். அதனால் ஊரே அவனைக் கண்காணித்தது. யாரைப் படைக்கு அனுப்புவது என்பதையும் பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்களே முடிவு செய்தார்கள். படை என்றால் 25 ஆண்டு. முன்நெற்றியை மழித்து அனுப்பிய அன்றே வீட்டில் ஒப்பாரி வைத்துவிடுவார்கள். எதிர்த்துப் பேசுகிற இளைஞன், திருட்டுக் கை, சோம்பேறி என்று பெயரெடுத்தவன், இவர்கள் பெயர்தான் முதலில் போகும். தாம்போவ் மாகாணத்தில் பெத்ரோவ்ஸ்கோயே என்ற பண்ணையின் கணக்கேடுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது: 1820-களில் இரண்டே ஆண்டுக்குள் உழைக்கும் ஆண்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு தடவையாவது பிரம்படி பட்டிருக்கிறார்கள். அடி கொடுக்கும் ஏற்பாட்டில் ஊர்க் கிழவர்களுக்கும் பங்கு இருந்தது. அதனால் அவர்களுக்கு லாபமும் இருந்தது. நல்ல குடியானவன், கெட்ட பிரபு என்று இரண்டு கட்சி பிரித்துப் பேசினால் இந்தச் செய்தி வெளியே போய்விடும்.

எதிர்ப்பு இல்லையா என்றால், தினமும் இருந்தது. பிரபுவின் வயலில் ஏர் மேலாக்கில் கீறும். தன் வயலில் ஆழமாக இறங்கும். காட்டில் மரம் காணாமல் போகும். கேட்டால், காடு கடவுள் வளர்த்தது, யாரும் நட்டது இல்லையே என்பான்.

இரு தரப்பாருக்கும் ஒரே மதம், ஒரே நிறம். அமெரிக்க அடிமைமுறைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேற்றுமை அது. ஆனாலும் பார்த்தவுடன் தெரியும். முதலாம் பீட்டர் பிரபுக்களைத் தாடி மழிக்கச் சொல்லி ஜெர்மானிய உடுப்பு மாட்டிவிட்டார். குடியானவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பிறகு பிரபு வீட்டில் பிரெஞ்சு வந்தது. பிள்ளையைத் தாலாட்டுவது பண்ணையடிமைத் தாதி, ரஷ்ய மொழியில். மேசையில் பேசுவது பிரெஞ்சில்.

ஒரு வழக்கை மட்டும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். தாரியா சல்திகோவா, மாஸ்கோவின் பெரிய இடத்து விதவை, அறுநூறு அடிமைகள். தரை சரியாகக் கழுவவில்லை, துணி சரியாக வெளுக்கவில்லை என்று வேலைக்காரப் பெண்களைக் கட்டையால் அடிப்பாள், கொதிநீர் ஊற்றுவாள். செத்துப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். புகார் போகாமல் இல்லை. இருபதுக்கு மேல் போயின. ஒவ்வொரு தடவையும் அதிகாரிகள் அவளிடமே புகார்காரனை ஒப்படைத்தார்கள். 1762-ல் சவேலி மார்த்தினோவ், யெர்மொலாய் இலியின் என்ற இருவர் தப்பி பீட்டர்ஸ்பர்க் போய்ப் புதுப் பேரரசி கையில் மனு சேர்த்தார்கள். இலியினின் மனைவியர் மூவரையும், ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக, அவள் கொன்றிருந்தாள். விசாரணை ஆறு ஆண்டு நடந்தது. 38 கொலைகள் நிரூபணமாயின. 1768-ல் சிவப்புச் சதுக்கத்து மேடையில், கழுத்தில் ‘சித்திரவதைக்காரி, கொலைகாரி’ என்ற பலகையோடு ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, ஒரு கன்னிமடத்து நிலவறையில் அடைத்தார்கள். 33 ஆண்டு சிறையிலேயே கிடந்து 1801-ல் செத்தாள்.

நீதி கிடைத்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் விசாரணை நடந்துகொண்டிருந்த 1767 ஆகஸ்டில் அதே கேத்தரின் ஓர் ஆணை போட்டார்: தன் எஜமான் மீது மனுக் கொடுக்கும் அடிமைக்குக் கசையடி, நெர்ச்சின்ஸ்க் சுரங்கத்தில் ஆயுள் தண்டனை. மாதாகோயில்களில் உரக்க வாசிக்கவும் செய்தார்கள். இலியினும் மார்த்தினோவும் ஐந்து ஆண்டு தாமதித்திருந்தால் சுரங்கத்துக்குப் போயிருப்பார்கள். பிரெஞ்சுச் சிந்தனையாளர் வோல்தேருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அம்மையார் இவர். நிலமின்றி ஆளை மட்டும் ஏலம் விடும்போது சுத்தியல் தட்டக்கூடாது என்று உத்தரவிட்டதும் இவர்தான். விற்கலாம், தட்டும் சத்தம் மட்டும் கேட்கக் கூடாது. இதை எழுதிய கையை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். 1790-ல் எழுத்தாளர் ராதிஷ்செவ் இந்தக் கேவலங்களைப் பயண நூலாக எழுதினார். அவருக்கு முதலில் மரண தண்டனை, பிறகு அதற்குப் பதில் சைபீரியா.

இந்த அமைப்புக்குள்ளும் விசித்திரங்கள் இருந்தன. ஷெரெமெத்யேவ் கோமகன் வீட்டில் அடிமைகளின் நாடகக் கம்பெனி இருந்தது. அதில் பாடிய பிராஸ்கோவியா ஒரு கொல்லர் மகள். கோமகன் நிக்கொலாய் அவளுக்கு 1798-ல் விடுதலை கொடுத்து, 1801-ல் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டே ஆண்டில், மகனைப் பெற்ற சில நாளில் அவள் போய்விட்டாள். அதே குடும்பத்தின் அடிமையாகப் பிறந்த நிகித்தென்கோ விடுதலை பெற்றுப் பேராசிரியரும் அரசாங்கத் தணிக்கையாளருமானார். நெசவில் பணம் சேர்த்த சவ்வா மொரோசோவ் 1820-ல் தன்னையும் பிள்ளைகளையும் 17,000 ரூபிளுக்கு வாங்கிக்கொண்டார். ஆன்டன் செகாவின் தாத்தா குடும்பத்தை மீட்டது 1841-ல், 3,500 ரூபிளுக்கு. உழைத்துச் சேர்த்த பணமே சட்டப்படி பிரபுவுடையது. அதைக் கொடுத்துத்தான் அவரிடமிருந்து தன்னை வாங்க வேண்டும்.

பிரபுக்களின் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். மாளிகை, பந்தயக் குதிரை, நடன விருந்து என்று நாவல்களில் படித்திருக்கிறோம். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் மலிவு விலையில் நம் ஊருக்கு அனுப்பிய தல்ஸ்தோயும் துர்கனேவும் நம்மில் பலருக்கு முதல் ரஷ்யா. ஆனால் 1858-ல் பிரபுக்களில் பத்துக்கு நான்கு பேரிடம் இருபது ஆண் அடிமைகள்கூட இல்லை. சிலர் அடிமைகளோடு ஒரே பானையில் சாப்பிட்டவர்கள். பெரியவர்களோ கடனில் மூழ்கியவர்கள். அடிமைகளில் மூன்றில் இரண்டு பங்கு பேரை அரசு வங்கிகளில் அடகு வைத்திருந்தார்கள். அடகு வைத்த பணம் பண்ணைக்கு வரவில்லை. சீட்டாட்ட மேசைக்கும் பாரிஸ் தையல்காரனுக்கும் போனது.

முதலாம் நிக்கொலாய் மன்னருக்கு எல்லாம் தெரியும். இது அரசுக்கு அடியில் இருக்கும் வெடிமருந்துக் கிடங்கு என்று அவருடைய ரகசியப் போலீசே 1839-ல் அறிக்கை கொடுத்தது. 1842-ல் அவரே, இது தீமைதான், ஆனால் இப்போது கைவைப்பது அதைவிடத் தீமை என்றார். ரகசியக் கமிட்டிகள் கூடின, கலைந்தன. கிரிமியப் போரில் தோற்ற பிறகுதான் உறைத்தது. 1856 மார்ச்சில் இரண்டாம் அலெக்சாந்தர் மாஸ்கோப் பிரபுக்களிடம், கீழேயிருந்து தானாக ஒழியக் காத்திருப்பதைவிட மேலேயிருந்து நாமே ஒழிப்பது நல்லது என்றார். அவர் சொன்னதில் கருணையைவிடப் பயம்தான் எனக்குக் கேட்கிறது.

1861 பிப்ரவரி 19 அன்று கையெழுத்தானது. நம் நாட்காட்டிப்படி மார்ச் 3. அடுத்த நாள் வாஷிங்டனில் லிங்கன் பதவியேற்றார். ஏறக்குறைய 2 கோடியே 30 லட்சம் பேர் ஒரு கையெழுத்தில் விற்க முடியாதவர்களானார்கள். அவர்கள் விருப்பப்படி மணக்கலாம், சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம். இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. அதுவும் யாகுஷ்கின் யோசனையைப் போல நிலமில்லாத விடுதலை அல்ல இது. நிலம் உண்டு. ஆனால் விலைக்கு.

விலையை எப்படிப் போட்டார்கள் என்று பாருங்கள். குடியானவன் ஆண்டுக்கு 6 ரூபிள் ஒப்ரோக் கட்டினான் என்று வைத்துக்கொள்வோம். ஆறு சதவீத வட்டியில் 6 ரூபிள் கொடுக்கும் முதல் எவ்வளவு? 100 ரூபிள். அதுதான் நிலத்தின் விலை. அதில் 80 ரூபிளை அரசு பிரபுவுக்குக் கடன்பத்திரமாகக் கொடுத்துவிடும், பழைய வங்கிக் கடனைக் கழித்துக்கொண்டு. 20 ரூபிளைக் குடியானவன் நேரே பிரபுவுக்குக் கட்ட வேண்டும். அரசுக்கு ஆண்டுக்கு 4 ரூபிள் 80 கோபெக்காக 49 ஆண்டு கட்ட வேண்டும். கூட்டிப் பார்த்தால் 255 ரூபிளைத் தாண்டும். ஒப்ரோக் நிலத்திலிருந்து மட்டும் வந்த பணமல்ல. அவன் நகரத்தில் தச்சு வேலை செய்து அனுப்பியதும் அதில் அடக்கம். ஆளுக்கு விலை இல்லை என்று சட்டம் சொன்னது. ஆளின் விலையை நிலத்தின் விலைக்குள் மடித்து வைத்தது. அந்த நிலங்களின் சந்தை விலை மொத்தம் 54 கோடியே 40 லட்சம் ரூபிள். குடியானவர் தலையில் ஏற்றியது 86 கோடியே 70 லட்சம். பழைய பங்கில் ஐந்தில் ஒன்றுக்கு நெருக்கமான நிலத்தையும் பிரபுக்கள் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர்த்துறைக்குப் போகும் வழி, மேய்ச்சல் என்று பார்த்துப் பார்த்து வெட்டினார்கள். வீட்டு வேலை செய்த அடிமைகளுக்கு ஒரு சாண் நிலமும் இல்லை.

கிராமம் இதை நம்பவில்லை. ஜார் நிலத்தைச் சும்மாதான் கொடுத்திருப்பார், பிரபுக்கள் உண்மைப் பத்திரத்தை ஒளித்துவிட்டார்கள் என்றது. கசான் மாகாணத்தில் பெஸ்த்னா என்ற ஊர். ஓரளவு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த அந்தோன் பெத்ரோவ் என்ற குடியானவனிடம் சட்டப் புத்தகத்தைக் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னார்கள். சட்டமொழி யாருக்குத்தான் புரியும்? அதிலிருந்த சுழிகளையும் சதவீதக் குறியையும் அவன் விடுதலைக்கான மறைமுத்திரை என்று கண்டுபிடித்தான். வெட்டிவேலைக்குப் போகாதீர்கள் என்றான். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து அவன் குடிசையைச் சுற்றி நின்றார்கள். 1861 ஏப்ரல் 12 அன்று தளபதி அப்ராக்சின் படையோடு வந்து அவனை ஒப்படைக்கச் சொன்னார். கூட்டம் கையில் ஆயுதம் இல்லாமல் நின்றது, நகரவில்லை. பல சுற்றுத் துப்பாக்கிச் சூடு. ஐம்பதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். புகையடங்கியபோது பெத்ரோவ் குடிசையிலிருந்து அந்தச் சட்டப் புத்தகத்தைத் தலைமேல் வைத்தபடி வெளியே வந்தான். ஜாரின் எழுத்து தலைமேல் இருந்தால் சுட மாட்டார்கள் என்று நினைத்திருப்பான். ஒரு வாரத்தில் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். கசானில் மாணவர்கள் நடத்திய இரங்கல் வழிபாட்டில் பேசியதற்காக வரலாற்றுப் பேராசிரியர் ஷாபோவைக் கைது செய்தார்கள்.

நிலத்துக்கான அந்த 49 ஆண்டுத் தவணை, அதாவது மீட்புப்பணம், வசூலாகிக்கொண்டே இருந்தது. பாக்கியும் ஏறிக்கொண்டே இருந்தது. பேரன் காலத்திலும் தாத்தாவின் நிலத்துக்குத் தவணை. பிரபுக்களும் நிலைக்கவில்லை, வந்த பத்திரங்களை விற்றுத் தின்றார்கள், பிறகு நிலத்தை விற்றார்கள். 1904 ஜனவரியில் மாஸ்கோ கலை நாடக அரங்கில் செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ அரங்கேறியது. நொடித்துப்போன பிரபு வீட்டின் தோட்டம் ஏலத்துக்கு வருகிறது. அந்த வீட்டின் பழைய அடிமையின் மகன் ஏலத்தில் எடுக்கிறான். எழுதியவர் அடிமையின் பேரன். அந்த அரங்கத்தைப் பணம் போட்டுச் சீரமைத்துக் கொடுத்த சவ்வா மொரோசோவும், 17,000 ரூபிள் கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்ட மொரோசோவின் பேரன்.

ஏலத்தில் எடுக்கப் பணம் உள்ளவன் எடுத்தான். கிராமத்தில் அந்தப் பணம் இல்லை. 1905 இலையுதிர்காலத்தில் சராத்தோவிலும் தாம்போவிலும் ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பிரபுவின் தானியத்தை ஏற்றினார்கள். வீட்டுக்குத் தீ வைத்தார்கள். பல இடங்களில் பிரபுவை யாரும் தொடவில்லை. திரும்பி வர அவருக்கு ஒரு கூரை இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த ஆண்டு நவம்பர் 3-ல் இரண்டாம் நிக்கொலாய் ஓர் அறிக்கை வெளியிட்டார்: மீட்புப்பணம் அடுத்த ஆண்டு பாதியாகும், 1907 ஜனவரி 1 முதல் அடியோடு ரத்து. அதற்குள் குடியானவர்கள் கட்டியிருந்தது 150 கோடி ரூபிளுக்கு மேல். பிரபுக்கள் கையில் மிச்சமிருந்த நிலத்துக்கும் அந்த அறிக்கையில் ஒரு வழி சொல்லியிருந்தார். வேண்டுவோர் குடியானவர் நிலவங்கியில் கடன் வாங்கி அதை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.